எல்லாருக்கும் பின்னால் நிற்கிறவன்

இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறும் என்பது பிலோமினாவுக்குத் தெரியாது. அதுகூடத் தெரியாமல்தானா பதினொரு வருஷமாக ரக்பி லீக்கையே தொழிலாக ஆடுகிற ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். முதல் பாதி முழுக்க மைதானத்தின் அந்தத் தொங்கலில் விரல்நுனி அளவில் தெரிந்த மகன் இப்போது புல்லின்மேல் நடந்து நடந்து பெரிதாகி வருகிறான். ஜூலை மாசத்துச் சனிக்கிழமைப் பின்னேரம், சிட்னியின் மேற்கில் வெயில் இருக்கிறது, சூடு இல்லை. அவன் வந்து, அவள் இருந்த மூன்றாவது வரிசைக்கு ஒரு வளவு தூரம் முன்னால் நின்று முதுகைக் காட்டினான். முதுகில் ஒன்று என்ற இலக்கம். முதலாம் இலக்கத்தைப் போட்டுவிட்டு ஏன் கடைசியில் நிறுத்துகிறார்கள்? பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் முன்னால், நீட்டுக்குக் கயிறு பிடித்தது போல வரிசையாக நிற்கிறார்கள். இவன் மட்டும் பின்னால், தனியே, பூசை முடிந்து கோயில் கதவு சாத்துகிறவர் போல அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு. ஃபுல்பாக் என்றால் அதுதான் அம்மா, முன்னுக்கு நிக்கிற எல்லாரையும் தாண்டி ஒருத்தன் ஓடி வந்தால் அவனை விழுத்திறதுக்குக் கடைசியாய் நிக்கிற ஆள் என்று மகள் அன்சலா காரில் வரும்போது சொன்னாள். அப்படியென்றால் அவனும் விட்டுவிட்டால்? விட்டால் போச்சு, அவனுக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை. அவனுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்பது பிலோமினாவின் மனசில் சின்ன முள்ளாகக் குத்தி நின்றது. இப்போது பார்த்தால், அவனுக்குப் பின்னால் இரண்டு கம்பம், ஒரு விளம்பரப் பலகை, அதற்குப் பின்னால் அவள்தான் இருக்கிறாள்.

"அம்மா, சத்தம் போடமாட்டீங்கள்தானே?" என்றாள் அன்சலா. "நான் எங்க சத்தம் போட்டனான்?" "முதல் பாதியில அந்தச் செம்பட்டைத் தலைப் பெடியன் விழேக்குள்ள நீங்கள் மாதாவே எண்டு கத்தின கத்தில, முன்னால இருந்த மனுசன் பியரை மடியில ஊத்திப்போட்டார்." "அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே." "அவன் எதிர்ப்பக்கம் அம்மா." "தாய் எந்தப் பக்கம்?" மற்றப் பக்கத்தில் இருந்த மெலே, என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாமலே குலுங்கிச் சிரித்தாள். மெலே தொங்கா தீவுப் பரம்பரை, ஓரத்தில் ஆடுகிற சியோனேயின் தாய். மெலேயும் செபம் செய்கிறவள்தான், ஆனால் வாய்விட்டு, கையை உயர்த்தி, கடவுளுக்கு நேரே கட்டளை போடுவது போலச் செய்வாள். பிலோமினாவுக்குக் கடவுளோடு அவ்வளவு அதிகாரமாகக் கதைத்துப் பழக்கம் இல்லை. கம்பளிச் சால்வைக்குள் கையை வைத்து, செபமாலை மணியை ஒன்றொன்றாக நகர்த்தினாள். சனிக்கிழமை என்றபடியால் சந்தோஷ தேவ இரகசியம், பத்துப் பத்து மணியாக ஐந்து தியானம். நாலாவது பத்து நடக்கிறது.

பதினொரு வருஷமும் அவள் ரீவியில்தான் பார்த்தாள். அதையும் பார்த்தாள் என்று சொல்ல ஏலாது. குசினியில் நின்றபடி, சத்தத்தை நிறுத்திவிட்டு, செபமாலையோடு ஒரு கண்ணால் பார்ப்பாள். பந்து போகிற இடமெல்லாம் கமரா போகும், பந்தோடு எட்டுப்பத்துப் பேர் உருண்டு பிரளுவார்கள், அதுக்குள் சின்னான் இருக்கமாட்டான். ஆறடி வளர்ந்தவனை வீட்டில் சின்னான் என்றுதான் கூப்பிடுவது. வெளியில் அவன் ஜெறோம் நீக்கிலாப்பிள்ளை, அந்த நீளத்தை நாக்கில் உருட்ட ஏலாமல் வர்ணனைக்காரர்கள் நிக்கோ ஆக்கிவிட்டார்கள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் நிக்கோவைக் காணாது. எங்கே போனான்? விழுந்து கிடக்கிறானா? கமராவுக்கு வெளியே என்ன செய்துகொண்டிருக்கிறான்? பிறகு திடீரென்று பந்து வானத்துக்குப் போகும், கமராவும் வானத்துக்குப் போகும், அது கீழே வரும்போது அதற்கு நேர்கீழே அவன் நிற்பான், முதலே சொல்லி வைத்தது போல. எப்படி முதலே அங்கே போனான்? அவன் போகிற பாதையை ஒருநாளாவது பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. இன்றைக்கு முதல் பாதியில் அந்தச் செம்பட்டைத் தலைப் பையன், எதிரணியின் முதலாம் இலக்கம், இதே இடத்தில்தான் நின்றான். அவனைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் பாடம் படித்தாள். இந்த ஆள் நிற்பதே இல்லை. பந்து அங்கே போனால் இவன் இங்கே நடக்கிறான், ஓடுகிறான், பின்னுக்கு வருகிறான், ஒருவரும் பார்க்காத நேரம் முழுக்க வேலை செய்கிறான். வாயும் ஓயவில்லை. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் நாலு, இன்னும் ஓராள் இங்கே வா, உள்ளே போ, விடாதே. முன்னால் வருகிறவர்களை எண்ணி எண்ணி, தன் ஆட்களுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். முன்னால் நிற்கிறவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குரலை நம்பி நகருகிறார்கள். இதைக் கண்டவுடன் பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. இது அவளுடைய வேலை அல்லவா! முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினெட்டு வருஷம், பரிமாறுகிற பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, நாலாம் மேசைக்கு உப்பில்லாதது, யன்னலோரத்து ஐயாவுக்கு மசித்தது, இரண்டு தட்டுக் குறைகிறது, அந்தப் பக்கம் போங்கோ என்று சொல்லிக்கொண்டே நின்றவள் அவள்தானே. சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சமையலறை வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவான். எழுதினானா, அல்லது பார்த்துக்கொண்டிருந்தானா?

கேட்கவேண்டும், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான், கேட்கவேண்டும். கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். அவள் தமிழில் கேட்பாள், அவன் இங்கிலீஷில் சொல்வான், அப்படித்தான் அந்த வீட்டில் இருபத்துமூன்று வருஷமாகக் கதை நடக்கிறது, இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கும். அது தொடங்கின நாளும் அவளுக்குத் தெரியும். எட்டு வயசு, காட்டுப் பச்சைப் பூங்கா ஒன்றில் எட்டு வயசுக்காரர்களின் ஆட்டம், சின்னானை இரண்டு பிள்ளைகள் சேர்த்து விழுத்தினார்கள், அவன் எழும்பவில்லை. அவள் சேலையோடு மைதானத்துக்குள் ஓடினாள், சின்னான், என்ர ராசா, எங்க நோகுது என்று கத்திக்கொண்டு. அவன் எழும்பி நின்றான். நோவினால் அல்ல, வெட்கத்தினால் முகம் கறுத்திருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் சின்னா சின்னா என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். காரில் பின் இருக்கையில் இருந்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்க்காமல், இங்கிலீஷில் சொன்னான்: இனி ஒருநாளும் மைதானத்தில் என்னைக் கூப்பிடாதேங்கள். சத்தியம் பண்ணுங்கள். அவள் சத்தியம் பண்ணினாள். மாதாவின் பேரில் பண்ணின சத்தியம். அதற்குப் பிறகு மைதானத்துக்கே போகவில்லை, போனால் வாய் நிற்காது என்று தெரியும். அவன் பாடசாலை அணியில் ஆடினான், பதினாறு வயசில் யாரோ வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள், இருபது வயசில் பெரிய கழகத்துக்கு முதல் ஆட்டம், இருபத்துநாலில் இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டார்கள், தோள் எலும்பு இரண்டு தரம் கழன்றது, இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை ஊரில் இரண்டு வருஷம் ஆடினான், திரும்பி வந்தான், பேப்பரில் படம் வந்தது, அவள் வெட்டி வைத்தாள். போன செவ்வாய்க்கிழமை அவளுடைய குசினியில் நின்றபடி மீன்குழம்பைப் பிட்டோடு குழைத்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னான், அம்மா, இந்தச் சனிக்கிழமை வாங்கள். ஏன் ராசா இவ்வளவு காலத்துக்குப் பிறகு? அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மூன்று தரம் தலையில் அடிபட்டு மூளை குலுங்கியாயிற்றாம். நாலாவது தரம் என்றால் டொக்டர் கையெழுத்துப் போடமாட்டாராம், அதோடு எல்லாம் முடிந்ததாம். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் கழகம் வைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு ஆட்டமும் இனிமேல் கடைசி ஆட்டமாக இருக்கலாம், நீங்கள் ஒரு தரமாவது பார்க்கவேண்டும். அன்சலா பிறகு தனியே சொன்னாள்: அம்மா, அவன் உங்களுக்கு முழுக்கச் சொல்லேல்லை. குலுங்கினது ஆற முந்தி அதே இடத்தில இன்னொரு அடி பட்டால் எண்டு டொக்டர் தொடங்கினவர், வசனத்தை முடிக்கேல்லை.

பந்து வானத்துக்குப் போயிற்று. முப்பதாயிரம் பேரும் பந்தைப் பார்த்தார்கள், பிலோமினா மகனைப் பார்த்தாள். பந்தைப் பார்க்கிறவன் தன்னை நோக்கி ஓடி வருகிறவனைப் பார்க்க ஏலாது, இதை ரீவி அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கழுத்தை அண்ணாந்து, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தொட்டில் போலக் கோத்து, நற்கருணை வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நிற்கிறான், நாலு பேர் அவனைக் குறிவைத்து வருகிறார்கள், அவனுக்குக் காலடிச் சத்தம் கேட்கும்தானே, கேட்டும் நிற்கிறானே, என்ன பிள்ளை இது, இந்தத் துணிவு எங்கேயிருந்து வந்தது, தகப்பன் பல்லுக் கழட்டவே பயந்த மனுசன். எழும்பினான், பிடித்தான், கீழே வரும்போது ஒருவனுடைய இடுப்பெலும்பு அவன் காதடியில் பட்டது. பெரிய அடி இல்லை. குசினி அலுமாரிக் கதவு பட்டது போல ஒரு அடி. விழுந்தான், உடனே எழும்பினான், பந்தைப் புல்லில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டினான், ஆட்டம் தொடர்ந்தது, சனம் அந்தப் பிடிக்கு எழுந்து நின்று கைதட்டியது. நீலச் சட்டைக்காரன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்து ஏதோ கேட்டான். சின்னான் சிரித்துக்கொண்டு பதில் சொல்லிப் பெருவிரலைக் காட்டினான். "கேள்வி கேக்கிறாங்கள் அம்மா," என்றாள் அன்சலா. "இது எந்த மைதானம், இது எத்தினையாவது பாதி, போன கிழமை ஆரோட ஆடினது எண்டு. சரியாச் சொன்னால் விட்டிடுவாங்கள்." "அவனுக்கு அது பாடம்தானே பிள்ளை, பதினொரு வருஷமாய் அதே கேள்வி." "பாருங்கோ, எழும்பி ஓடுறான். பயப்பிடாதேங்கோ." பயப்படவில்லை. மெலே அவளுடைய தொடையில் ஒரு அடி போட்டு, பார்த்தாயா உன் பிள்ளையை என்றாள். பிலோமினா நாலாவது பத்தை முடித்து, ஐந்தாவதுக்குப் போனாள்.

அதன் பிறகு ஆட்டம் இன்னும் கிட்ட வந்தது. எதிரணி இந்தக் கம்பங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது, சின்னானின் ஆட்கள் கோட்டுக்கு முன்னால் வரிசை கட்டினார்கள், அவன் அவர்களுக்குப் பின்னால் பத்தடியில், அவளுக்கு முன்னால் இருபதடியில். சனத்தின் இரைச்சலுக்குள்ளும் அவன் குரல் கேட்டது. இந்தப் பக்கம் மூன்று பேர். கிட்ட வாங்கோ. இன்னும் ஓராள் வேணும். அங்க இல்லை, இஞ்ச. விடாதேங்கோ, விடாதேங்கோ. கையும் சேர்ந்து காட்டியது, சியோனே கண்ணோரத்தால் அந்தக் கையைப் பார்த்து உள்ளுக்கு ஓடினான், எண்ணினது சரி, மூன்று பேர்தான், பிலோமினாவும் எண்ணினாள். அவளுக்கு மனசு நிரம்பிவிட்டது. முதல் பாதியில் செம்பட்டைத் தலையன் சொன்னது ஒவ்வொன்றையும் காதைத் தீட்டிக் கூட்டிக் கழித்து விளங்கவேண்டி இருந்தது, இப்போது எவ்வளவு சுகமாக, தண்ணீர் குடிப்பது போல விளங்குகிறது. ஒரு பின்னேரத்துக்குள் இந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டுவிட்டதே, பதினொரு வருஷம் வீணாய்ப் பயந்து குசினிக்குள் நின்றேனே, இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வரலாம், பிட்டும் கட்டிக்கொண்டு வரலாம், மெலேக்கும் கொடுக்கலாம். மெலே குனிந்து, "பிலோ, உன் மகன் என்ன சொல்கிறான்? ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை," என்றாள். "எண்ணுகிறான். இந்தப் பக்கம் மூன்று பேர் என்கிறான்." "நல்ல காதுதான் உனக்கு." அது புகழ்ச்சி. பிலோமினா சிரித்தாள். சிரிப்பு வாயில் இருக்கும்போதே ஏதோ ஒன்று விரலில் தடக்கியது, மணிதான், ஐந்தாவது பத்தின் இரண்டாவது மணி. மெலே இந்த நாட்டில் பிறந்தவள். அவளுடைய இங்கிலீஷ் பிலோமினாவின் இங்கிலீஷை விட நூறு பங்கு. அவளுக்குப் பிடிபடாதது எனக்கு எப்படிப் பிடிபட்டது? கிட்ட வாங்கோ. வாங்கோ. அவன் வாங்கோ என்றல்லவா சொன்னான். சியோனேயைப் பார்த்து, வயசில் ஏழெட்டு இளைய பெடியனைப் பார்த்து, மரியாதையாக, வாங்கோ, விடாதேங்கோ என்று. அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், தாயோடு கதைத்த எட்டு வயசுத் தமிழ், அதில் வா இல்லை, வாங்கோ மட்டும்தான் உண்டு.

ஆனால் அவன் வெளியில் தமிழ் கதைக்கமாட்டானே. அவள் மணியை விடவில்லை, நகர்த்தவும் இல்லை. தோள் சத்திரசிகிச்சை நாள் ஞாபகம் வந்தது, மயக்கம் தெளிகிற நேரம் தாதி வெளியில் வந்து, இவருடைய மொழி தெரிந்தவர் யார், ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். உள்ளே போனால் அவன் கண் மூடியபடி, அம்மா, சப்பாத்தைக் கழட்டி விடுங்கோ, சப்பாத்தோட படுத்திட்டன் என்றான். வெறுங்காலோடுதான் கிடந்தான். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், மேலே இருக்கிற இங்கிலீஷ் கழன்று விழ, அடியில் கிடக்கிற தமிழ் வெளியில் வரும். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து அவன் தொலைபேசி எடுத்தான். அம்மா, என்ன செய்யிறீங்கள், சாப்பிட்டீங்களோ என்று தொடங்கினான். ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் அவளோடு தமிழில் கதைத்தான், குழறிக் குழறி, சொல் கிடைக்காத இடத்தில் சிரித்து, அப்பா ஓட்டித் திரிந்த பழைய வானைப் பற்றி, சமையலறை வாங்கைப் பற்றி, அம்மா நீங்கள் அந்தப் பூங்காவில கூப்பிட்டது எனக்குக் கோவம் இல்லை இப்ப என்றுகூடச் சொன்னான். அவள் அன்று நிலத்தில் முழங்காலில் நின்று நன்றி சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெரிய மெழுகுதிரி கொளுத்தினாள். அடுத்த கிழமைதான் அன்சலா, அந்த ஆட்டத்தில் அவனுக்கு மூளை குலுங்கினது, இரவு முழுக்க நடந்தது ஒன்றும் ஞாபகம் இல்லையாம் என்றாள். பிலோமினா ஒருவருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தைச் சொல்லவில்லை. மகளுக்குச் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அது நோயாகிவிடும். சொல்லாவிட்டால் அது மகன் தாயோடு கதைத்த கதை. நோயைக் கொண்டுபோய் மாதாவின் காலடியில் மெழுகுதிரி ஆக்கி வைத்தாய் என்று இப்போது ஒரு குரல் அவளுக்குள் சொன்னது. கோபமான குரல் இல்லை, கணக்குப் பார்க்கிற குரலும் இல்லை, என்ன செய்தாய் பிள்ளை என்று வியந்து கேட்கிற மாதிரி.

அப்படித்தான் என்று இல்லை. இப்படியும் இருக்கலாம், தாய் வந்திருக்கிற சந்தோஷத்தில் அவனுக்குத் தமிழ் வாயில் வந்திருக்கலாம். எண்ணினதில் பிழை இல்லையே, மூன்று என்றான், மூன்றுதான் இருந்தது, மூளை குலுங்கினவன் சரியாக எண்ணுவானா? செபத்தின் நடுவில் தூங்கி விழுந்தாலும் விரல் மணியைச் சரியாக நகர்த்தும் என்பதும் அவளுக்குத் தெரியும். "அன்சலா, தம்பி தமிழில கத்துறான்." "என்னம்மா?" "தமிழில எண்ணுறான். வாங்கோ எண்டு சொன்னவன்." அன்சலா அவளைப் பார்த்தாள், மைதானத்தைப் பார்த்தாள். இந்த நேரம் அவன் தூரப் போயிருந்தான், பந்தும் தூரப் போயிருந்தது, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. "இந்தச் சத்தத்தில உங்களுக்கு என்ன கேட்டுதோ! டொக்டர்மார் பாத்திட்டாங்கள் அம்மா, அங்க மேல ஒரு அறையில ரீவியில திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறதுக்கெண்டே ஆள் வச்சிருக்கிறாங்கள்." "அவங்களுக்குத் தமிழ் தெரியுமே?" "அம்மா." "கேக்கிறன்." "இன்னும் எட்டு நிமிஷம்தான் கிடக்கு. ரெண்டு புள்ளி முன்னுக்கு நிக்கிறம். இப்ப போய் நீங்கள் தமிழ் எண்டு சொன்னால் அவனை வெளியில எடுத்து, எழுதி, நாலாவது எண்டு முடிச்சிடுவாங்கள், விளங்குதே? அவன்ர சீவியம் இது." விளங்குகிறது. எட்டு வயசில் இருந்து அவனுடைய சீவியம் இது. அவனுடைய சீவியத்தை ஒரு சொல்லால், வாங்கோ என்கிற ஒரு சொல்லால் முடித்து வைக்க நான் யார்? பெற்றவள். பெற்றவள் என்றால் முடிக்கலாமா? சத்தியம் வேறு பண்ணியிருக்கிறாய். மாதாவே, உம்முடைய பேரில் பண்ணின சத்தியம். ஐந்தாவது தேவ இரகசியம் என்ன என்று அப்போதுதான் அவளுக்கு ஓடி வெளித்தது. காணாமல் போன பிள்ளையை மாதா மூன்று நாள் தேடிக் கோயிலில் கண்டுபிடிக்கிறது. கண்டபோது பிள்ளை என்ன சொல்லிற்று? ஏன் என்னைத் தேடினீர்கள் என்றுதானே கேட்டது. அந்தத் தாய்க்கும் அந்தப் பதில் விளங்கவில்லை என்றுதானே வேதத்தில் எழுதியிருக்கிறது. விளங்காவிட்டாலும் அவள் தேடாமல் விட்டாளா? மணி இரண்டாவதிலேயே நின்றது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். எதிரணியின் கையில் பந்து. பந்தோடு ஓட ஆறு தரம் கிடைக்கும், ஐந்து தரம் பிடிபட்டால் ஆறாவதில் காலால் அடித்துவிடுவார்கள், வானத்துக்கு, இது இன்றைக்குப் படித்தது. ஒன்று. சின்னான் பின்னுக்கு வந்தான், நேரே அவளை நோக்கி, முதுகைக் காட்டியபடி பின்னடி வைத்து. இரண்டு. இடது கையை நீட்டி எண்ணினான், நாலு பேர், வாங்கோ, இஞ்சால வாங்கோ, சியோனே ஒரு தரம், ஒரே ஒரு தரம், திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அன்சலாவின் கை பிலோமினாவின் மணிக்கட்டில் வந்து இறுகியது. அவளுக்கும் கேட்டுவிட்டது. மூன்று. பிலோமினா எழும்பினாள். அன்சலா கையை விட்டாள். இறங்குகிற படி மூன்று, மடியில் பியர் ஊற்றின மனுசன் காலை ஒடுக்கி வழிவிட்டார். நாலு. விளம்பரப் பலகை இடுப்பளவு, ஈரமாய்க் குளிர்ந்தது. ஐந்து. அடிக்கப் போகிறவன் இரண்டடி பின்னுக்கு வைத்தான், சின்னான் கழுத்தை அண்ணாந்தான், அந்தக் கழுத்து, குளிக்க வார்த்த நாளில் அவளுடைய உள்ளங்கைக்குள் அடங்கினது, பந்து காலில் பட்ட சத்தம் கேட்டது.

"சின்னான்!"

இருபத்துமூன்று வருஷமாய் வெளியில் விடாத குரல், இவ்வளவு பெரிசாக உள்ளே கிடந்ததா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முப்பதாயிரம் பேருக்குள் அது என்ன குரல், கேட்டிருக்கவே கூடாது. அவன் திரும்பினான். பந்து வானத்தில் நிற்க, நாலு பேர் ஓடி வர, அவன் நிற்கவேண்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். "ஓம் அம்மா," என்றான். "வாறன்." ஓடி வரவில்லை, விளையாட்டு முடிந்த பிள்ளை வீட்டுக்கு வருவது போலக் கையை வீசி நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் பந்து வெறும் புல்லில் விழுந்து ஒரு தரம் துள்ளியது, எதிரணிக்காரன் ஒருவன் அதன்மேல் விழுந்தான், நடுவரின் விசில் ஊதியது, ஒரு பக்கத்துச் சனம் குதித்தது, மற்றப் பக்கத்துச் சனம் மூச்சு அடங்கி நின்றது. அவன் அது ஒன்றையும் பார்க்கவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, பல்லுக்குப் போட்டிருந்த ரப்பரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். காதடியில் சின்னச் சிவப்பு. கண் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் அவளுக்கு வயசு முப்பதோ முப்பத்தொன்றோ, பின்னுக்கு அப்பாவின் பழைய வான் நிற்கிறது.

"சாப்பாடு ஆச்சே?" என்றான். "ஆச்சு, ராசா." அவன் குனிந்து காலைப் பார்த்தான். சப்பாத்து முழுக்கச் சேறு, புல். "இதோட உள்ளுக்கு வரேலாது என்ன? கழட்டோணுமே?"

அவனுக்குப் பின்னால் நீலச் சட்டைக்காரர்கள் ஓடி வருவது தெரிந்தது. அவர்களுக்கும் பின்னால், கோட்டில் நின்ற பன்னிரண்டு பேரும் முதல் தரமாக ஒன்றாய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குரல் வராத அந்த இடத்தை. பிலோமினாவுக்கு அழுகை வரவில்லை. மேலே மெலே கையை உயர்த்திப் பெருங்குரலில் கடவுளைக் கூப்பிடுவது கேட்டது, நல்லது, அவளுக்குக் கேட்கத் தெரியும், அவள் கேட்கட்டும்.

"ஓம் ராசா," என்றாள். "கழட்டோணும்."

அவன் ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து முயன்றான். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது, விரல் அதை அறியவில்லை. பிலோமினா செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"பொறு, அம்மா அவிழ்க்கிறன். காலைத் தூக்கி இதில வை."